பிரையன் லவுட்ரப்: அண்ணனின் பெயரா, காலின் காயமா, எது அதிகம் பறித்தது?

வலது ஓரம் எழுதியது:

தொண்ணூறுகளின் சிறந்த கால்பந்து விங்கர்களை, அதாவது களத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் வீரர்களைப் பற்றி இங்கே ஓடிக்கொண்டிருக்கும் இன்னோர் இழையில் ஒருவர் ‘லவுட்ரப்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பதில் எழுதிய அனைவரும் பார்சிலோனா, அதன் பயிற்சியாளர் க்ரைஃப், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் கொடுக்கும் பாஸ் என்று மைக்கேல் லவுட்ரப்பைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். மைக்கேல் விங்கரே அல்லர். கேட்டவர் சொன்னது தம்பி பிரையனை. அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். தந்தை ஃபின் லவுட்ரப் டென்மார்க் தேசிய அணிக்கு ஆடியவர். அவர் வியன்னாவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 1969 பிப்ரவரி 22 அன்று பிரையன் அங்கேயே பிறந்தார். அண்ணன் மைக்கேல் 1964-இல் பிறந்தவர். தாய்மாமன் எப்பே ஸ்கோவ்டால் ப்ரோன்ட்பி அணியின் பயிற்சியாளர்; அவரிடம்தான் 1986-இல் பிரையன் முதல் அணிக்குள் நுழைந்தார். அங்கே இரண்டு லீக் பட்டங்கள், ஒரு டென்மார்க் கோப்பை. பிறகு ஜெர்மனியில் பாயர் உர்டிங்கன், பாயர்ன் மியூனிக், இத்தாலியில் ஃபியோரென்டினா, மிலான், ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ், கடைசியில் செல்சீ, எஃப்சி கோபன்ஹேகன், அயாக்ஸ். டென்மார்க்குக்கு 82 ஆட்டங்கள், 21 கோல்கள். 2000-இல் காயங்கள் அவரை நிறுத்தின. அப்போது அவருக்கு வயது 31.

என் கேள்வி இதுதான்: இவர் பெறவேண்டிய பெயரைப் பெறாமல் போனதற்குக் காரணம் அண்ணனா, காயமா?

நடுக்களத்தான் எழுதியது:

நண்பரே, கேள்வியிலேயே ஒரு முடிவை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பெயர் பெறாமல் போனார் என்று யார் சொன்னது? டென்மார்க்கின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை நான்கு முறை வாங்கியவர் அவர். 1992-இல் ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீரர் தேர்வில் ஐந்தாம் இடம். 2004-இல் பெலே வெளியிட்ட வாழும் சிறந்த வீரர்கள் பட்டியலில் அண்ணனும் உண்டு, தம்பியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடுகளுக்கிடையிலான 1992 ஐரோப்பியக் கோப்பை பிரையனிடம் இருக்கிறது, மைக்கேலிடம் இல்லை. அண்ணனுக்கு இல்லாத பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவரை நிழலில் நிற்கிறார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய சுவடி எழுதியது:

நடுக்களத்தான் அவர்கள் எடுத்துக்காட்டிய அதே 1992-ஐத்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நேர் எதிரான முடிவுக்கு வருகிறேன்.

1990 நவம்பரில் கோபன்ஹேகனில் யூகோஸ்லாவியாவிடம் டென்மார்க் 0-2 என்று தோற்றது. பயிற்சியாளர் ரிச்சர்ட் மொல்லர் நீல்சனின் தற்காப்பு ஆட்டமுறை பிடிக்காமல், அதன்பின் லவுட்ரப் சகோதரர்கள் இருவருமே தேசிய அணியை விட்டு விலகினார்கள். 1992-இன் முற்பகுதியில் பிரையன் திரும்பி வந்தார், மைக்கேல் வரவில்லை. தகுதிச் சுற்றில் இரண்டாமிடம் பெற்று வெளியே நின்ற டென்மார்க்குக்கு, போர் காரணமாக யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால், போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் இடம் கிடைத்தது. இங்கிலாந்துடன் 0-0, சுவீடனிடம் 0-1 தோல்வி, பிரான்சை 2-1 என்று வென்று அரையிறுதி. நெதர்லாந்துக்கு எதிரான அந்த அரையிறுதியின் 5-ஆம் நிமிடத்தில் வலது ஓரமாக ஓடி, பிரையன் தூக்கிக் கொடுத்த பந்தைத்தான் ஹென்ரிக் லார்சன் தலையால் முட்டி முதல் கோலாக்கினார். ஆட்டம் 2-2 என்று முடிந்து, பெனால்ட்டியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டனின் உதையை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்தார். ஜூன் 26 அன்று யோத்தன்பர்கில் நடந்த இறுதியில் ஜெர்மனி 0-2 என்று வீழ்ந்தது.

இந்தக் கதையை நீங்கள் எங்கே படித்தாலும் இரண்டு செய்திகள் முதலில் வரும். ஒன்று, கடைசி நேர அழைப்பு. மற்றொன்று, ‘மைக்கேல் லவுட்ரப் இல்லாமலேயே வென்றார்கள்’ என்பது. அதாவது களத்தில் இறங்கி வென்ற லவுட்ரப்பை விட, வீட்டிலிருந்த லவுட்ரப் அந்த வரலாற்றில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டார். பதக்கம் வாங்கிய அந்த மூன்று வாரங்களில்கூட அண்ணனின் இல்லாமையே தலைப்புச் செய்தி ஆகிறதென்றால், அதற்கு நிழல் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கோல்கம்பம் எழுதியது:

சுவடி ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உண்மையான நிழலைப் பார்க்க வேண்டுமானால் பிரேசில் நட்சத்திரம் காகாவின் தம்பி டிகாவோவைப் பாருங்கள். அண்ணன் மிலானில் கோலோச்சிய காலத்தில் அதே கிளப்பில் ஒப்பந்தம் ஆனவர். முதல் அணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். பாக்கிக் காலமெல்லாம் ரிமினி, லெச்சே என்று லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புகளுக்கு, ஊர் ஊராகப் போனார். சிறுவயதில் ‘ரிக்கார்டோ’ என்று சொல்ல வராமல் அண்ணனுக்குக் ‘காகா’ என்று பெயர் வைத்ததே இவர்தான். இன்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் அந்த ஒரு தகவலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரோடு ஒப்பிட்டால் பிரையன் ராஜா.

வலது ஓரம் எழுதியது:

டிகாவோவின் கதை வருத்தத்துக்குரியது, மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் இல்லாவிட்டாலும் அவர் உலகத்தரத்தை எட்டியிருப்பாரா என்பது ஐயமே. பிரையன் எட்டியவர். எட்டிய பிறகும் ‘மற்றவர்’ என்று அழைக்கப்பட்டவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். இந்த இழை அவரோடு நிற்கட்டும்.

எலும்பும் தசையும் எழுதியது:

நான் பிசியோதெரபி துறையில் இருப்பவன். காயத்தின் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிரையனின் முதல் பெரிய காயம் 31 வயதில் வரவில்லை, 22 வயதில் வந்தது. 1990-இல் பாயர்ன் மியூனிக் அவரை 60 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. அன்றைய ஜெர்மன் லீக்கான பூண்டஸ்லிகாவில் அது சாதனைத் தொகை. முதல் சீசனில் ஏறத்தாழ எல்லா லீக் ஆட்டங்களிலும் ஆடினார். அடுத்த சீசனின் தொடக்கத்திலேயே, 1991-இல், முழங்காலில் க்ரூசியேட் லிகமென்ட் என்ற நார் கிழிந்தது. 38 லீக் ஆட்டங்கள் கொண்ட அந்த சீசனில் ஏறக்குறைய பாதியை அவர் இழந்தார். பாயர்னும் பத்தாம் இடத்துக்குச் சரிந்தது.

அந்த நார் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். முழங்கால் மூட்டுக்குள்ளேயே குறுக்கும் மறுக்குமாக இரண்டு நார்கள் ஓடுகின்றன. நேர்கோட்டில் ஓடுவதற்கு அவற்றின் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. வேகமாக வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அந்தக் காலின் மேலேயே உடலைத் திருப்பித் திசை மாறுகிறோமே, அந்தக் கணத்தில்தான் மூட்டு நழுவாமல் அவை பிடித்துக்கொள்ள வேண்டும். கிழிந்தால் தானாக ஒட்டாது. பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ தசைநாண் துண்டு ஒன்றை எடுத்துப் புதிதாக அமைக்கிறார்கள். அது வலுப்பெற மாதங்கள் ஆகும். இன்றைக்கும் ஒன்பது மாதங்களுக்கு முன்னால் வீரரைக் களத்தில் இறக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

இப்போது பிரையனின் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எதிரணித் தடுப்பாளரை நோக்கி நேராகப் பந்தோடு வருவார், தோளை ஒரு பக்கம் சாய்ப்பார், மறுபக்கம் பாய்வார். அந்த நாரை நம்பித்தான் அவருடைய முழுத் தொழிலும் இருந்தது. அது கிழிந்து ஓராண்டு நிறைவதற்குள் அவர் ஐரோப்பியச் சாம்பியன். இதைத்தான் 1992-இன் தலைப்புச் செய்தியாக நான் போடுவேன்.

நடுக்களத்தான் எழுதியது:

நல்ல விளக்கம், நன்றி. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவர் மீண்டுவிட்டார் என்று. அப்படியானால் 1991 காயம் அவருடைய வாழ்க்கையைக் குறைத்தது என்று எப்படிச் சொல்வது? 1992-இல் ஃபியோரென்டினாவுக்குப் போனார். பத்திஸ்தூத்தா, எஃபன்பர்க் என்ற நட்சத்திரங்களோடு பிரையனும் இருந்த அணி 1993-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது! அதற்கு முழங்காலைக் குறை சொல்ல முடியுமா?

பழைய சுவடி எழுதியது:

ஃபியோரென்டினா இறங்கியதற்கு நிர்வாகக் குழப்பமே முதற்காரணம், அதை விட்டுவிடுவோம். அடுத்த சீசனைப் பாருங்கள், அதில்தான் இந்த இழைக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

1993-94-இல் பிரையன் லோனில் மிலானில் இருந்தார். பாப்பின், சவிசெவிச், போபன், டெசய்யி என்று வெளிநாட்டு வீரர்கள் குவிந்து கிடந்த அணி. களத்தில் மூவருக்கு மட்டுமே இடம். பத்து லீக் ஆட்டங்களைக்கூட அவர் தொடவில்லை. அதே சமயம் பார்சிலோனாவில் மைக்கேலுக்கும் அதே நெருக்கடி. ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ், கூமன் ஆகிய மூவரோடு அவர் நான்காமவர். 1994 மே 18 அன்று ஏதென்சில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்) இறுதியாட்டம்: மிலானும் பார்சிலோனாவும். ஒரு பக்கம் அண்ணனின் அணி, மறுபக்கம் தம்பியின் அணி. இரண்டு லவுட்ரப்களில் ஒருவர்கூட அன்றைய அணிப்பட்டியலில் இல்லை. மிலான் 4-0 என்று வென்றது.

ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது என்ன சொல்கிறார்கள்? ‘க்ரைஃப் மைக்கேலை வெளியே வைத்தது மாபெரும் பிழை’ என்று முப்பது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். மிலான் பயிற்சியாளர் கப்பெல்லோ பிரையனை வெளியே வைத்ததைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. வென்ற அணி என்பதால் என்று நடுக்களத்தான் சொல்வார். ஓரளவுக்கு அது சரிதான். இருந்தாலும், ஒரே இரவில் ஒரே விதமாக உட்கார வைக்கப்பட்ட இருவரில் ஒருவருடையது காவியமாகவும் மற்றவருடையது அடிக்குறிப்பாகவும் ஆகிவிட்டது.

கோல்கம்பம் எழுதியது:

அந்த மிலான் அணியில்தான் வான் பாஸ்டனும் இருந்தார், கணுக்கால் காயத்தோடு, அந்த சீசன் முழுதும் ஒரு ஆட்டம்கூட ஆடாமல். 1992-இல் பெனால்ட்டி தவறவிட்டவரும், அந்த அரையிறுதியில் அவரை வென்றவரும் ஒரே அணியில், இருவரும் இறுதியாட்டத்துக்கு வெளியே. கால்பந்து சில நேரம் இப்படியும் கணக்குத் தீர்க்கிறது.

இப்ராக்ஸ் ரசிகன் எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் ரேஞ்சர்சைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரேஞ்சர்சின் ஊரான கிளாஸ்கோவில் போய் ‘லவுட்ரப்’ என்று சொல்லுங்கள், யாரும் மைக்கேலை நினைக்க மாட்டார்கள். உலகத்தில் அந்தப் பெயர் தம்பிக்குச் சொந்தமான ஊர் அது ஒன்றுதான்.

1994-இல் பயிற்சியாளர் வால்டர் ஸ்மித் அவரை அழைத்து வந்தார். 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். ஸ்காட்லாந்து கால்பந்து எழுத்தாளர்கள் வழங்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை 1995-இல் அவர் வாங்கியபோது, பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து அதைப் பெற்ற முதல் வீரர் அவர்தான். 1997-இல் மறுபடியும் வாங்கினார். 1996 மே மாதம் ஹாம்ப்டன் பார்க்கில் ஹார்ட்சுக்கு எதிரான கோப்பை இறுதியாட்டம் 5-1. கோர்டன் டூரி மூன்று கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் ஹாட்ரிக் அடித்தவரின் பெயரில்தானே அந்த ஆட்டம் அழைக்கப்பட வேண்டும்? அதை இன்றுவரை லவுட்ரப் இறுதியாட்டம் என்றுதான் அழைக்கிறார்கள். ஏனென்றால் இரண்டு கோல்களை பிரையனே அடித்தார், டூரியின் மூன்று கோல்களையும் அவர்தான் உருவாக்கிக் கொடுத்தார். (அந்த இரண்டில் ஒன்று கோல்கீப்பர் ரூசேவின் கால்களுக்கிடையே நழுவிப் போனது என்று ஹார்ட்ஸ் ரசிகர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.)

1997 மே 7 அன்று டண்டீ யுனைட்டெட்டின் மைதானத்தில் 1-0 என்று வென்றபோது, பரம வைரி செல்டிக்கின் தொடர் ஒன்பது பட்டங்கள் என்ற சாதனையை ரேஞ்சர்ஸ் சமன் செய்தது. அந்த ஒரு கோல் பிரையனுடையது. அதுவும் தலையால் முட்டிய கோல்! தலையால் கோல் அடிப்பதற்கு எந்தக் காலத்திலும் பெயர் பெறாத ஒருவர், ஒரு கிளப்பின் மிகப்பெரிய கோலை ஓடி வந்து தலையால் முட்டிப் போட்டார். சார்லி மில்லர் இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்து தரைக்கு வருவதற்குள் அவர் எப்படிப் பாய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். வேகம் என்றால் என்னவென்று தெரியும்.

நடுக்களத்தான் எழுதியது:

ரசிகரின் ஆர்வம் புரிகிறது. ஆனால் ஸ்காட்லாந்து லீக்கையும் ஸ்பெயின் லீக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மைக்கேல் பார்சிலோனாவுடன் தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள் வென்று, ரியல் மாட்ரிடுக்கு மாறி, உடனே அடுத்த ஆண்டு ஐந்தாவதையும் வென்றார். 25 வயதில், உச்ச நிலையில், பிரையன் கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுத்தது அவருடைய சொந்த முடிவு. அந்த முடிவுதான் அவரை உலகத்தின் பார்வையிலிருந்து விலக்கியது. அண்ணனும் இல்லை, காயமும் இல்லை. மூன்றாவது காரணம் இது.

வலது ஓரம் எழுதியது:

இந்த மூன்றாவது காரணத்தை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 22 வயதில் முழங்கால் அறுவை. 24 வயதில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணி. 25 வயதில் மிலானின் பார்வையாளர் வரிசை. தன்னைச் சுற்றியே ஆட்டத்தை அமைக்கிறோம், களத்தில் எங்கு வேண்டுமானாலும் போ என்று சொல்லும் ஒரு பயிற்சியாளர் கிடைத்தால், எந்த வீரர் வேண்டாம் என்பார்? லீக் சிறியது, உண்மை. ஆனால் தேசிய அணிக்காக ஆடும்போது எதிரில் நின்றவர்கள் சிறியவர்கள் அல்லரே. 1996 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க் முதல் சுற்றோடு வெளியேறியது, ஆனாலும் போர்ச்சுகலுக்கு எதிராக ஒன்று, துருக்கிக்கு எதிராக இரண்டு என்று மூன்று கோல்கள் அவருடையவை.

பிறகு 1998 உலகக் கோப்பை. நைஜீரியாவை 4-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் ஒரு கோல். பிரேசிலுக்கு எதிரான காலிறுதியை நம் ஊரில் நள்ளிரவு 12.30-க்குக் கண்விழித்துப் பார்த்தவர்கள் இங்கே நிச்சயம் இருப்பார்கள். 50-ஆம் நிமிடத்தில் ரொபெர்த்தோ கார்லோஸ் தலைக்கு மேல் உதைக்க முயன்று பந்தைத் தவறவிட்டார், பிரையன் அதை வாங்கி வலைக்குள் அறைந்தார், 2-2. அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. ஓடவில்லை, துள்ளவில்லை, கோட்டோரம் போய்ப் புல்தரையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றித் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, மதிய உணவுக்குப் பின் திண்ணையில் சாய்ந்த பெரியவரைப் போலக் கிடந்தார். ரிவால்டோ மறுபடி அடித்து பிரேசில் 3-2 என்று வென்றது வேறு கதை. மைக்கேலுக்கு அதுவே கடைசி ஆட்டம். பிரையனும் அந்த ஆண்டோடு தேசிய அணியிலிருந்து விலகினார்.

இங்கேதான் என் வாதத்துக்கு வருகிறேன். மைக்கேல் 34 வயதுவரை ஆடினார்; கடைசி சீசனில்கூட அயாக்சுடன் லீக்கும் கோப்பையும் வென்றார். அவருக்கும் காயங்கள் வந்தன. ஆனால் அவருடைய ஆட்டம் கண்ணிலும் கணிப்பிலும் இருந்தது. அரை நொடி மெதுவானால் அவர் அரை நொடி முன்னதாக யோசித்துக்கொள்வார். பிரையனுடைய ஆட்டம் காலில் இருந்தது. கால் போனால் அவருக்குப் பதிலாக வைக்க வேறொன்று இல்லை. ஆகவே அண்ணன், காயம் என்று நான் தலைப்பில் இரண்டாகப் பிரித்தவை உண்மையில் ஒன்றையொன்று வளர்த்தன: காயம் அவருடைய ஆண்டுகளைக் குறைத்தது, குறைந்த ஆண்டுகளை அண்ணனின் நீண்ட ஆண்டுகளோடு வைத்துப் பார்த்ததால் நிழல் பெரிதாயிற்று.

எலும்பும் தசையும் எழுதியது:

‘அவருக்குப் பதிலாக வைக்க வேறொன்று இல்லை’ என்பது சற்றே கடுமை. வேகம் குறைந்த பின் உள்ளே நகர்ந்து, முன்களத்துக்குப் பின்னால் ஆடிய விங்கர்கள் பலர் உண்டு. ரேஞ்சர்சில் பிரையனே அந்த இடத்தில் நிறைய ஆடியிருக்கிறார். 1991 முழங்கால்தான் 2000 ஓய்வுக்குக் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலைப் பாதுகாத்து ஆடும் உடல் மற்ற இடங்களில் சுமையைக் கூட்டிக்கொள்கிறது என்பதையும், அந்தக் கூடுதல் சுமை திடீர்த் திருப்பங்களால் பிழைப்பவருக்கு மற்றவர்களைவிட விரைவில் கணக்கைக் காட்டும் என்பதையும் தொழில்முறையில் சொல்ல முடியும்.

பழைய சுவடி எழுதியது:

கடைசி இரண்டு ஆண்டுகளையும் பதிவு செய்துவிடுகிறேன். 1998 கோடையில் ஒப்பந்தம் முடிந்து செல்சீக்குப் போனார். சுழற்சி முறையில் ஆளை மாற்றும் அணி அவருக்கு ஒத்துவரவில்லை, பத்து லீக் ஆட்டங்கள்கூட ஆகவில்லை. எஃப்சி கோபன்ஹேகனுக்கு மாறுவது முடிவான பிறகு, உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் அதே கோபன்ஹேகனுக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே, செல்சீயின் ஒரே கோலை அடித்தார்! அங்கே அரை சீசன். ப்ரோன்ட்பியில் வளர்ந்தவர் அதன் பரம வைரி கிளப்பில் ஆடியதை ப்ரோன்ட்பி ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1999-இல் அயாக்ஸ், அதாவது ஓராண்டுக்கு முன் அண்ணன் விடைபெற்ற அதே கிளப். அங்கே பத்துக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த சீசனின் முடிவில்தான் காயங்களால் நிறுத்தினார். ஆட முடியாமல் தேய்ந்து போகவில்லை, ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டி வந்தது.

நடுக்களத்தான் எழுதியது:

அயாக்ஸ் கோல் கணக்கு எனக்குப் புதிது. அதைக் கேட்ட பிறகு காயத்தின் பங்கைக் கூட்டித்தான் மதிப்பிட வேண்டும். நிழலைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபாவின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்தபோது டென்மார்க் மைக்கேலைத் தேர்ந்தெடுத்தது. ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் 104 ஆட்டங்கள், 37 கோல்கள் கொண்டவரைத் தேர்ந்தெடுப்பது நிழலன்று, நியாயமான தீர்ப்பு. 1995 ஜனவரியில் ரியாத்தில் அர்ஜென்டினாவை 2-0 என்று வீழ்த்தி கிங் ஃபாஹ்த் கோப்பையை வென்ற அணியில் இருவரும் சேர்ந்துதான் ஆடினார்கள். டென்மார்க்குக்காக இருவரும் சேர்ந்து வென்ற ஒரே கோப்பை அது. அந்த ஆட்டத்தைப் பார்த்தால் யார் யாருக்கு நிழல் என்ற கேள்வியே எழாது. அண்ணன் பந்தைக் கொடுக்கிறார், தம்பி அதோடு ஓடுகிறார்.

இப்ராக்ஸ் ரசிகன் எழுதியது:

ரியாத் ஆட்டம் பிறகு ஆகட்டும். முதலில் 1996 ஹாம்ப்டன் பார்க் இறுதியாட்டத்தை முழுதாகப் பாருங்கள், கோல் தொகுப்பை அல்ல. இடைவேளைக்கு முன் ஒரே ஒரு கோல்தான். மற்றவை எல்லாம் இடைவேளைக்குப் பின். அந்த இரண்டாம் பாதியில் ஹார்ட்ஸ் தடுப்பாளர்கள் அவரைத் தொடர்ந்து ஓடுவதை எந்த நிமிடத்தில் கைவிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள். சிறிய லீக், பெரிய லீக் என்பதை அதன்பின் பேசுவோம்.